பட்டியும் பள்ளியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"வீட்டிலே கல்வி" என்பது பற்றிச் சில வார்த்தை பேசுக என்று செயலாளர் எம்மைப் பணித்தார். பேராதனையிலே பயில்கின்றோம் என்பதால், நூல்கள் பல புரட்டி, அறிஞர் பலரின் கருத்தை அடுக்கி வைப்போம் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் எம் மனக்கண் முன் வந்து நின்றது நூல்நிலையம் அன்று. எங்கள் வீட்டு மாட்டுப்பட்டி. ஆதலால் இன்றைய பேச்சிலே சாணி மணமும் புண்ணாக்கு மணமும் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். சபையோர் பொறுத்தருள வேண்டும்.

மடவளைச் சந்தியிலிருந்து வத்துகாமம் செல்லும் வீதியில் சற்றுத் தூரம் போய், சரிவிலே ஏறும் ஒரு சிறு பாதையில் திரும்பினால் எங்கள் காணி வரும். மொத்தம் அரை ஏக்கர். அதிலும் பாதி நிற்கவியலாத சரிவு. பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டு உழைத்த எங்கள் தாத்தா, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியைக் கொண்டு வாங்கிய காணி அது. மிஞ்சிய பணத்தில் ஒரு பசு வாங்கினார். வீடு எழும்பியது அதற்குப் பிறகுதான். 2020ஆம் ஆண்டு தொடங்கியபோது செவலை, புள்ளிச்சி என்ற இரண்டு கறவைப் பசுக்களும், ஒரு கிடாரிக் கன்றும், ஒன்பது ஆடுகளும், நாளுக்கு நாள் எண்ணிக்கை மாறும் சில கோழிகளும் எங்களிடம் இருந்தன. செவலை ஜேர்சிக் கலப்பு. புள்ளிச்சி பிரீசியன் கலப்பு. மனிதர் ஆறு பேர்: தாத்தா, அப்பா, அம்மா, உயர்தர வகுப்பை எட்டிக்கொண்டிருந்த நாம், ஒன்பதாம் வகுப்பில் தங்கை, நாலாம் வகுப்பில் தம்பி. அப்பாவுக்குக் கண்டி நகரிலே ஒரு கடையில் வேலை. எம்மைக் கண்டியில் ஒரு மிஷன் பாடசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். தங்கையும் தம்பியும் அருகிலுள்ள அரசாங்கப் பாடசாலையிற் பயின்றார்கள். இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

2020 மார்ச் மாதம் 13ஆம் தேதி முதல் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். சில வாரமே என்றார்கள். இடையிடையே திறந்தும் மீண்டும் மூடியும், 2021இன் இறுதி வரை அந்நிலை நீண்டது. பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தன. தொலைக்காட்சியிலே 'குருகெதர' நடந்தது. எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரேயொரு நல்ல தொலைபேசி. அதற்கும் வீட்டுக்குள் அலை கிடைக்காது. ஆட்டுக்கு இலை ஒடிக்கும் பலாமரத்தடியில் நின்றால்தான் கிடைக்கும். மழை வந்தால் பாடம் முடிந்தது. நக்கிள்ஸ் மலைப்பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு எத்தனை பாடம் முடிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு வாரம் பார்த்த அம்மா, ஒரு நாள் காலை பால் கறந்து முடிந்ததும், பட்டித் திண்ணையிலே சாக்கை விரித்தார். "போன் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். கொப்பிய எடுத்துக்கிட்டு வாங்க," என்றார். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு வரை. எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் அவ்வாறு ஆரம்பமாயிற்று. இரண்டாம் நாளே மாணவர் தொகை கூடியது. மேல்வீட்டு நானாவின் மகளும் தன் கொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். அவளை அழைத்து வந்த உம்மா, "இவளும் சும்மாதான் இருக்கா, ஒங்கட புள்ளைகளோட உக்காரட்டும்," என்றார். தலைமையாசிரியை அம்மா, வரலாற்றுப் பேராசிரியர் தாத்தா.

என்ன படித்தோம் என்று கேட்பீர்கள். பால்வண்டி காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையிலே வரும். வண்டிக்காரர் முதலிற் செய்வது பால்மானியைப் பாலில் மிதக்க விடுவது. நல்ல பசும்பாலில் அந்தக் கண்ணாடிக் குழல் ஏறக்குறைய 28 முதல் 32 என்ற கோடுகளுக்கிடையில் நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் ஆழ இறங்கிவிடும். இது ஏன் என்று தம்பி கேட்டான். கேட்டவனுக்கு வயது ஒன்பது. ஒரு பழைய பால்மானியை வண்டிக்காரரிடம் இரந்து வாங்கி, வெறும் தண்ணீரிலும், உப்புத் தண்ணீரிலும், தேங்காயெண்ணெயிலும் விட்டுப் பார்த்தோம். திரவத்தின் அடர்த்தி என்பது பாடசாலைப் பாடம். நாம் அதை மனனம் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருந்தோம். விளங்கியது அன்றைக்குத்தான்.

பிறகு கணக்கு. எத்தனை லீற்றர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு ஏறினால் விலை எவ்வளவு ஏறும், தீவனத்துக்குக் கழித்தால் மிச்சம் என்ன? புள்ளிச்சி அதிகம் கறப்பாள். செவலையின் பால் குறைவு, ஆனால் கொழுப்புக் கூடியது. எது இலாபம்? விகிதமும் சதவீதமும் கற்பிக்க இதனினும் நல்ல கணக்கை எந்தப் பாடநூலிலும் நாம் கண்டதில்லை. கோழி அடைகாக்க 21 நாள், ஆடு ஈன ஏறக்குறைய 150 நாள், பசுவுக்கு ஒன்பது மாதத்துக்கு மேலே ஒன்றிரண்டு வாரம். நாட்காட்டியிலே குறித்துக் காத்திருப்பது தம்பியின் வேலை. கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பாலை ஊட்டியாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி தாயின் வயிற்றிலிருக்கும்போது கன்றுக்கு வருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் வருகிறது. நேரம் கடந்தால் கன்றின் குடல் அதை ஏற்காது. இதை அறியாமல் முன்னொரு காலத்திலே சீம்பாலைக் காய்ச்சி நாங்களே தின்றிருக்கிறோம்.

மிருக வைத்தியரின் உதவியாளர் ஒருவர் சினைப்படுத்த வருவார். அவர் கொண்டுவரும் பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை எழும்பும். அது திரவ நைதரசன். பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. குண்டசாலையில் உள்ள நிலையத்துக் காளையின் வித்து அந்தக் குளிரிலே ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கிறது என்று அவர் சிங்களத்தில் விளக்குவார். அரைகுறையாக விளங்கும். மறுமுறை அவர் வருமுன் சந்தேகம் கேட்பதற்கான சிங்களத்தைத் தங்கை பாடமாக்கி வைத்திருப்பாள். எங்கள் வீட்டிலே நல்ல சிங்களம் பேசுபவள் இன்றைக்கும் அவள்தான். நாங்கள் நட்டு வளர்த்த கோ-3 புல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் உருவானது, பெயரிலுள்ள 'கோ' அந்த ஊர்தான், என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் அவளே. தாத்தாவுக்கு அதிலே ஒரு பெருமை. "நம்ம ஊருப்பக்கத்து புல்லு," என்று அன்று முதல் அதை அரிவாளால் வெட்டும்போதுகூடக் கொஞ்சம் மரியாதை கொடுத்தார்.

இப்படியே போனால், அன்பர்களே, இது ஒரு புகழுரையாக முடிந்துவிடும். வீட்டுக் கல்வியைப் போற்றுவோர் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நாமும் இங்கே நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் மகிழ்ச்சி, எமக்கும் மகிழ்ச்சி. ஆனால் நடந்தது அவ்வளவு அழகானதன்று.

அப்பா வேலை செய்த கடை மூடப்பட்டது. திறந்தபோது பாதிச் சம்பளம், பின்னர் அதுவுமில்லை. பாற்காசு ஒன்றே வருமானம் என்றாயிற்று. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதுவரை கேட்பாரற்றுக் கிடந்த எங்கள் சாணிக்குக் கிராக்கி வந்தது. சாக்குச் சாக்காகக் கேட்டு வந்தார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியிலே கடைகளில் பால்மா அரிதாயிற்று. போத்தலைக் கையிலேந்திக் காலையில் வாயிலில் நின்றவர்களை நாங்கள் மறக்கவியலாது. ஊருக்கு வந்த கஷ்டத்திலே எங்களுக்கு ஒரு சிறு காலம் பிறந்தது என்பதே உண்மை. அப்பா கடன்பட்டு மூன்றாவது பசுவை வாங்கினார். தீவன விலையோ ஏறிக்கொண்டே போனது. ஆகவே புல்லும் இலையும் கூடுதலாக வெட்ட வேண்டும். வேலை இரண்டு மடங்கு ஆயிற்று.

அம்மாவின் சாக்கு விரிப்பது கிழமைக்கு ஐந்து நாள் என்றிருந்தது மூன்று நாளாகி, பின்னர் மழை நாளில் மட்டும் என்றாயிற்று. மேல்வீட்டுப் பிள்ளை வருவதை நிறுத்திக்கொண்டாள். அவர்கள் இன்னொரு தொலைபேசி வாங்கிவிட்டார்கள். தம்பிக்குப் புலமைப்பரிசில் பரீட்சை இருந்ததால் அவனைப் பட்டிப்பக்கம் விடவில்லை. எமக்கு உயர்தரப் பரீட்சை. பலாமரத்தடியும் தொலைபேசியும் எமக்கென்றே ஆயின. மிச்சமிருந்தவள் யார்? காலை நாலரைக்கு எழுந்து புள்ளிச்சியைக் கறப்பது, பட்டி கழுவுவது, வண்டிக்குப் பாலை ஊற்றுவது, ஆட்டுக்கு இலை ஒடிப்பது, மாலை மூன்றரைக்கு மறுபடியும் கறப்பது எல்லாம் தங்கையின் பொறுப்பாகப் போய்ச் சேர்ந்தன. யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்ததன்று. தண்ணீர் பள்ளம் பார்த்துப் போவதுபோலப் போயிற்று. அவள் கெட்டிக்காரியாக இருந்தாள். மாடுகளும் அவள் கைக்குத்தான் பால் சுரந்தன. "ஸ்கூலு தொறந்தாத்தான் என்னா, இவ வீட்டிலேயே எல்லாத்தையும் படிச்சிட்டாளே," என்று அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். நாமும் அருகிலிருந்து தலையாட்டினோம். ஏன் ஆட்டமாட்டோம்? எமது இணைய வகுப்புக்குரிய கட்டணம் அந்தப் பாலிலிருந்துதான் போனது.

2021 நவம்பர் மாதம் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்குப் பாடசாலை திறந்தது. நாம் போனோம். அவள் போகவில்லை. பஸ் ஒழுங்காயில்லை, நோய் இன்னும் அடங்கவில்லை, புள்ளிச்சி ஈனும் மாதம் என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்களே. அதுதான் தொல்லை.

எங்கள் பட்டியிலே ஒரு பதிவுக் கொப்பி உண்டு. தேதி, காலைப் பால், மாலைப் பால், தீவனம், குறிப்பு என்று ஐந்து நிரல்கள். குறிப்பு என்ற நிரலில் 'செவலைக்கு மடி வீக்கம்', 'வைத்தியர் வந்தார்', 'வெள்ளாடு இரண்டு குட்டி' என்று எழுதியிருக்கும். டிசம்பர் மாதக் கடைசியில் கடன் கணக்குப் பார்ப்பதற்காக நாம் அதைப் புரட்டினோம். நவம்பர் பக்கத்திலே, தங்கையின் குண்டு எழுத்தில், ஒரு குறிப்பு: 'இன்று ஸ்கூல் திறந்தது. நான் போகவில்லை.' அவ்வளவுதான். அதே வரியில் காலைப் பால் ஒன்பது லீற்றர், மாலை ஆறு. அடுத்த நாளுக்கு 'போகவில்லை'. அதற்கடுத்த நாளும் அதுவே. பிறகு அந்தச் சொல்லும் இல்லை. நிரல் வெறுமையாக இருந்தது.

பெரியோர்களே, மாடு அசைபோடுகிறதா என்று நாங்கள் நாளைக்கு மூன்று தரம் பார்ப்போம். அசைபோடாவிட்டால் உடம்புக்கு ஏதோ ஆகாது என்று பொருள். அந்தக் கொப்பியும் அதற்காகத்தான் இருந்தது. பிள்ளை எழுதியதைப் பார்க்க எங்களுக்கு ஆறு கிழமை சென்றது.

கொப்பியை அப்பாவிடம் நீட்டினோம். வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாதான் பேசினார். அவர் ஏழு வயதிலே பெரிய கங்காணியின் மாட்டை மேய்த்தவர் என்று எங்களுக்குத் தெரியும். வேடிக்கைக் கதையாகத்தான் அதைச் சொல்லியிருந்தார். அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் மாடு மேயும் புல்வெளிக்குக் கீழேயே இருந்ததாம். பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மேலே கேட்குமாம். அவரும் மேலே நின்று சொல்லுவாராம். "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எனக்கு தெரியும். ஆனா ஒத்த எழுத்து தெரியாது. கரும்பலகை அவ்வளவு தூரத்துக்கு தெரியாதில்லையா?" என்றார். பின்னாளில் லயத்திலே இரவுப் பள்ளி வைத்த ஒருவரிடம்தான் அவர் கையெழுத்துப் போடக் கற்றார்.

தோட்டங்களிலே பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க வேண்டுமென்று 1907ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 1920இல் அது வலுப்பெற்றது. சட்டம் இருந்தது, மாடும் இருந்தது. மாடு வென்றது. எங்கள் காலத்திலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 5 வயது முதல் 14 வயது வரை பாடசாலை செல்ல வேண்டும் என்ற 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. தங்கைக்கு அப்போது 15 வயது. நூறாண்டுக்குப் பின்னும் எங்கள் குடும்பத்திலே மாடுதான் வென்றுகொண்டிருந்தது. இம்முறை கங்காணி இல்லை, நாங்களே.

இந்த இடத்திலே இரண்டு கதைகளைச் சொல்ல விரும்புகிறோம். பின்னர் பல்கலைக் கழகத்தில் படித்தபோது எம் கண்ணிற் பட்டவை.

முதலாவது காந்தியடிகளுடையது. 1927 நவம்பரில் நமது கண்டிக்கும் வந்து சென்ற அவர், அதற்கு முன் தென்னாபிரிக்காவிலே தம் புதல்வர்களைப் பாடசாலைக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தவர். ஜொகன்னஸ்பேர்க்கில் வீட்டிலிருந்து காரியாலயத்துக்கு நடந்து போகும் வழியே வகுப்பறை. 1910இல் கலன்பாக் என்ற நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் தோல்ஸ்தோய் பண்ணை தோன்றியது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல. காலையெல்லாம் தோட்ட வேலை, மத்தியானத்துக்குப் பின் பாடம். தென்னாபிரிக்காவிலே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. போப்பையரின் இலக்கணக் கைந்நூலைக் கொண்டு தாம் கற்ற கொஞ்சத் தமிழை வைத்துக் காந்தியடிகளே அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். குஜராத்தியர் ஒருவர், பாதிரியார் ஒருவரின் நூலை வைத்து, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்! மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இதிலே ஒரு தனி மகிழ்ச்சி. வேலை செய்து களைத்த பிள்ளைகள் வகுப்பிலே தூங்கி விழுவார்களாம், ஆசிரியரும் கூடவே. கண்ணிலே தண்ணீர் தெளித்துக்கொண்டு படிப்பார்களாம். இதை வாசித்தபோது, மத்தியான வகுப்பில் கொப்பிமேற் சாய்ந்து கிடந்த தங்கையின் தலை நினைவுக்கு வந்தது.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. மூத்த மகன் ஹரிலால், தமக்கு முறையான கல்வி கிடைக்கவில்லை என்ற மனக்குறையோடு 1911இல் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா சென்று பள்ளியிற் சேர்ந்தார். தம் மக்களுக்கு அந்த மனக்குறை இருந்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையிலே மறைக்கவில்லை. உடலுழைப்போடு கூடிய கல்வியே உயர்ந்தது என்பதில் அவர் கடைசி வரை மாறவுமில்லை. 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி அதிலிருந்து பிறந்ததே.

இரண்டாவது அமெரிக்காவிலே, பாற்பண்ணைகளுக்குப் பேர்போன விஸ்கொன்சின் மாநிலத்திலே நடந்தது. ஆமிஷ் என்று ஒரு சமயக் குழுவினர் அங்கே பண்ணை வாழ்வு வாழ்கிறார்கள். எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மாட்டோம், பண்ணையிலும் வீட்டிலும் கற்பதே எங்களுக்குப் போதும் என்றார்கள். அந்த மாநிலச் சட்டமும் அப்போது 16 வயது வரை என்றே இருந்தது. மூன்று தந்தையருக்குத் தலைக்கு ஐந்து டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்று, 1972இல் ஆமிஷ் மக்களுக்கே வெற்றியாயிற்று. தந்தையர்க்கு உள்ள சமய சுதந்திரம் பெரிது என்றது தீர்ப்பு. ஆனால் டக்ளஸ் என்ற நீதிபதி ஒருவர் ஒரு பகுதியில் வேறுபட்டார். தந்தையரின் விருப்பத்தை எல்லாரும் பேசுகிறீர்கள். பிள்ளைகளின் விருப்பம் என்ன என்று கேட்டீர்களா, என்பதே அவர் எழுப்பிய வினா. அந்த வழக்கிலே சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட பிள்ளை ஒரே ஒருத்திதான்.

பிள்ளையைக் கேட்டீர்களா? எங்கள் வீட்டிலே கேட்கவில்லை. கொப்பியைக் கண்ட அன்று இரவு, சோறு தின்னும்போது, அம்மா கேட்டார்: "ஒனக்கு ஸ்கூலு போகணுமா?" தங்கை சோற்றைப் பிசைந்தபடி, "அப்ப மூணாவது மாட்டை யாரு பாக்குறது?" என்றாள். போக வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, கேட்ட கேள்விக்குப் பதிலாகக் குடும்பத்துக் கடனைச் சொன்னாள். எம்மால் அந்தச் சோற்றை உண்ண முடியவில்லை. மிஷன் பாடசாலைக்கு அனுப்பப்பட்டவர் எவர், அதற்காகக் கறந்தவர் எவர் என்ற கணக்கு அந்தக் கொப்பியிலே ஐந்து நிரலிலும் எழுதியிருந்தது.

ஒரு மாதத்துக்குள் மூன்றாவது பசுவை அப்பா விற்றார். வாங்கிய விலை கிடைக்கவில்லை. மிச்சக் கடனை அடைக்க நாலு ஆடுகளும் போயின. காலைக் கறவை அம்மாவுக்கும் அப்பாவுக்கும். மாலைப் புல் எமக்கு. பரீட்சைக்கு ஒரு மாதமே இருந்தது, ஆனாலும் புல் வெட்டினோம். அதனால் புள்ளி குறைந்ததா என்று கேட்டால், குறைந்திருக்கலாம். பல்கலைக் கழகம் புகத் தடையாகவில்லை. 2022 சனவரியில் தங்கை பாடசாலைக்குப் போனாள். போன முதல் வாரம் அழுதுகொண்டு வந்தாள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவளுக்கு ஒரு குறையுமில்லை. ஆங்கிலத்தில் மற்றவர்கள் எங்கோ போயிருந்தார்கள். ஆங்கிலத்தைப் பட்டி கற்பிக்கவில்லை. வரலாற்றையும் தாத்தாவின் தோட்டத்து எல்லைக்கு அப்பால் அது கற்பிக்கவில்லை. சமவயதுத் தோழியரோடு பேசிச் சிரிக்கும் பழக்கமும் விட்டுப் போயிருந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மறுபடியும் மூடின. அம்மா பழைய சாக்கை எடுத்து விரித்தார். ஆனால் இம்முறை பால் கறக்கும் நேரத்திலே வகுப்பு. அவள் படிக்க, அம்மா கறந்தார். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் புள்ளிச்சியின் மடியிலிருந்து கையெடுக்காமலே அம்மா, "டிக்சனரிய பாரு," என்பார்.

இந்த மலைநாட்டுப் பெரியோர் சிலருக்கு ஹந்தெஸ்ஸ என்ற பெயர் நினைவிருக்கலாம். கண்டிக்கு அருகே அவ்வூரின் பெயரால், 1930களிலே, கிராமப் பிள்ளைகளுக்குக் கமமும் கைத்தொழிலும் கலந்த ஒரு கல்வித் திட்டம் நடத்திப் பார்த்தார்கள். திட்டம் நல்லது, நிலைக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று பெற்றோர் ஐயுற்றார்கள். அவர்களை அறியாதவர் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டிலே நாலு சுவருக்குள் நடந்ததும் அதுவே: ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம், ஒரு பிள்ளைக்கு வாளி.

தங்கை 2023இல் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். ஆங்கிலம் உட்படச் சித்தியடைந்தாள், ஆங்கிலத்தில் மயிரிழையில்தான். உயர்தரத்துக்கு விவசாயம் எடுப்பாள் என்று நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். மிருக வைத்தியராக்கும் கனவுகூட அப்பாவுக்கு இருந்தது. அவள் வர்த்தகம் எடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "மாட்டை பாத்தது போதும்," என்றாள். இம்முறை கேட்டுவிட்டோமல்லவா? ஆதலால் மறுபேச்சுப் பேசவில்லை. பதிவுக் கொப்பியை மட்டும் அவள் இன்றைக்கும் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

இவற்றையெல்லாம் வீட்டுக் கதை சொல்லும் ஆசையினால் சொல்லவில்லை. நமது மன்றத்திடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. பிந்தி வரும் பிள்ளைகளை வாயிலிலே நிறுத்தி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படி நிற்கும் பிள்ளைகளின் கையை ஒருநாள் முகர்ந்து பாருங்கள்; பால் மணக்கும். இந்தச் சுற்றுவட்டாரத்திலே மாடு வைத்திருக்கும் நம்மவர் வீடுகள் ஏழெட்டு உள்ளன. அவற்றில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் இவ்வாண்டு வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். போன வாரம் அவர்களிடம் போய்க் கேட்டோம். ஒன்பது மணி என்றால் வருவதாகச் சொன்னார்கள். பால்வண்டி ஏழரைக்குப் போய்விடும்.